முப்பத்தேழு

கிண்டி தொழிற்பேட்டை, மூன்றாவது மாடி,
லிஃப்ட் கிடையாது.
பழைய ஃப்ரிட்ஜ் உயரத்துக்கு ஓர் இரும்பு அலமாரி.
அதன் நெற்றியில் சிவப்பாய் 37.0.
இரவில் வாட்ச்மேன் அந்த வெளிச்சத்தில்தான்
கொசுவத்தியைத் தேடுவார்.

தண்ணீர் சோதிக்கும் வேலை எனக்கு.
வியாசர்பாடித் தெருக்குழாய், மடிப்பாக்கம் போர்,
கேளம்பாக்கத்தில் பதினெட்டு மாடிக்காரர்களின் சம்ப்,
கல்யாண மண்டபத்துக்கு வந்த லாரித் தண்ணீர்.
எல்லாவற்றிலும் ஒரு மில்லி.
அகர் ஊற்றி, ஆற வைத்து, தட்டைக் கவிழ்த்து அடுக்குவேன்.
கவிழ்க்காவிட்டால்
மூடியில் வேர்த்த சொட்டு கீழே விழுந்து
தனித்தனியாய்க் குடியேறியவை
ஒன்றின்மேல் ஒன்று வழிந்துவிடும்.

அடுத்த நாள் திறந்தால் வந்து உட்கார்ந்திருக்கும்,
வெண்ணெய் நிறத்தில், சட்டைப் பொத்தான் வடிவத்தில்.
பேனா முனையால் தொட்டுத் தொட்டு எண்ணுவேன்.
முந்நூறைத் தாண்டினால் எண்ண வேண்டாம் என்பது விதி.
"எண்ணிலடங்கா" என்று எழுதிவிடலாம்.
அறிக்கையிலேயே அந்த ஒரு சொல்தான்
கொஞ்சம் அழகாக இருக்கும்.
அதற்குத்தான் பதினெட்டு மாடிக்காரர்கள்
சண்டைக்கு வருவார்கள்.

கொதிக்கிற ஊற்றில் வாழ்பவை உண்டு.
பனிப்பாறைக்குள் காத்துக் கிடப்பவை உண்டு.
டிவியில் அவற்றைத்தான் காட்டுவார்கள்.
என் தட்டில் இருப்பவற்றுக்கு அந்த வீரமெல்லாம் இல்லை.
கொஞ்சம் சூடு, கொஞ்சம் ஈரம், தின்ன ஏதாவது.
நாற்பத்தைந்தைத் தாண்டினால் துவண்டுவிடும்,
ஃப்ரிட்ஜில் வைத்தால் வேலைநிறுத்தம்.
மிதவெப்ப விரும்பிகள் என்று கல்லூரியில் படித்தேன்.
சாம்பிள் எடுத்துவரும் எத்திராஜ்
"மிடில் கிளாசுன்னு சொல்லுங்க மேடம்" என்பார்.

போன வருடம் டைபாய்டில் படுத்திருந்தேன்.
காய்ச்சல் நூற்று மூன்று.
பழக்கதோஷத்தில் சென்டிகிரேடுக்கு மாற்றினேன்:
முப்பத்தொன்பது புள்ளி நாலு.
குடியிருப்பவர்களைக் காலிபண்ண
மோட்டாரை நிறுத்திவைக்கும் ஹவுஸ் ஓனர்போல
உடம்பு சூட்டை ஏற்றியிருந்தது.
தன் வீட்டுக்கும் அதே பைப்தான் என்பது
ஓனருக்கு மறந்துவிட்டது.

கத்திரி தொடங்கிய மூன்றாம் நாள், மதியம் ஒன்று நாற்பது.
தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது.
37.0 அணைந்தது.
உள்ளே நாற்பத்திரண்டு தட்டுகள்.
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கவில்லை,
மானேஜர் போனை எடுக்கவில்லை.

கண்ணாடித் தெர்மாமீட்டரை மேஜைமேல் வைத்துவிட்டு
நானும் எத்திராஜும் ஆளுக்கொரு ஃபைலால் விசிறிக்கொண்டே
பாதரசத்தைப் பார்த்திருந்தோம்.
முப்பத்தாறு.
முப்பத்தாறரை.
முப்பத்தேழில் ஏறி நின்றது,
செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தவர்போல.

அலமாரிக் கதவைத் திறந்தே வைத்தேன்.
இந்த அறை, மாடிப்படி, கீழே லேத் பட்டறை,
அதைத் தாண்டி ரயில் தண்டவாளம், அடையாற்றுக் கரை,
எல்லாம் ஒரே இன்குபேட்டர்.
"அப்ப நாமளும் வளருவோமா?" என்றார் எத்திராஜ்.
பதில் சொல்லக் குனிந்தேனா,
என் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு
ரிஜிஸ்டரில் விழுந்தது.
மடிப்பாக்கமும் கேளம்பாக்கமும்
மையோடு மையாய்க் கரைந்து ஓடின.
என்னை யாரும் கவிழ்த்து வைக்கவில்லை.

ஐந்தேகாலுக்குக் கடல்காற்று
ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுப் போனது.
ஐந்தரைக்குக் கரண்ட்.
சிவப்பு எண் ஒருமுறை கண்சிமிட்டி
விட்ட இடத்திலேயே எரியத் தொடங்கியது.

படிவத்தில் நிரப்பியாக வேண்டிய கட்டங்கள் உண்டு.
மின்தடை: மூன்று மணி ஐம்பது நிமிடம்.
வெப்பநிலை விலகல்:

பேனாவைப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
எத்திராஜ் டீ வாங்கப் போயிருந்தார்.

இல்லை, என்று எழுதினேன்.